கண்ணாடிச் சாடிக்கு விடை கொடுக்கலாமா?

நம் அடுக்களைகளிலிருந்து எத்தனையோ பொருள்கள் விடைபெற்றுச் சென்றுவிட்டன. ஆட்டுரல் போயிற்று, மாவரைக்கும் பொறி வந்தது. ஈயச் சொம்பு போயிற்று, எவர்சில்வர் வந்தது. மண்பானை கோடையில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிறது. இவற்றுக்காகக் கண்ணீர் வடிப்பது என் நோக்கமன்று. ஆட்டுரலில் மாவரைத்த கைகளின் வலியை அறிந்த எவரும் அது திரும்பி வரவேண்டும் என்று சொல்லத் துணியார். ஒரு பொருளின் வயதைப் பார்த்து அதனை மதிப்பிடுவது முறையன்று. அது செய்யும் வேலையைப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

இன்று வாசற்படியில் நிற்பது கண்ணாடிச் சாடி. மாவடுவும், எலுமிச்சை ஊறுகாயும், நெய்யும், தேனும், புளியும் குடியிருந்த அந்தச் சாடியின் இடத்தைப் பிளாஸ்டிக் டப்பா மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. டப்பா விலை குறைவு, எடை குறைவு, கீழே விழுந்தால் உடையாது. இப்படியிருக்க, கண்ணாடிச் சாடிக்கு விடை கொடுத்துவிடலாமா?

கூடாது என்பதே என் கருத்து. அதனை ஒரு வேதியியல் மாணவி என்ற முறையிலும், ஊறுகாய் விற்ற காசில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒரு வீட்டின் மகள் என்ற முறையிலும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சாடியின் கதை

உணவைப் புட்டியில் அடைத்துக் காக்கும் முறையை உலகுக்குத் தந்தவர் நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர், மிட்டாய் செய்பவர். அகன்ற வாயுடைய கண்ணாடிப் புட்டிகளில் காய்கறியும் இறைச்சியும் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் வைத்து நெடுநேரம் காய்ச்சினார். உணவு மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. 1810 ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. அவரும் தம் முறையை மறைக்காமல் நூலாக எழுதி வெளியிட்டார்.

இதில் வியப்பு என்னவென்றால், உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. காற்றை வெளியேற்றியதுதான் காரணம் என்று கருதினார். நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன என்று மெய்ப்பித்த லூயி பாஸ்டர், அந்த நூல் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1822 இல்தான் பிறந்தார். கை முதலில் கண்டது; காரணத்தை அறிவு பின்னால் வந்து சொன்னது. நம் பாட்டிமார்களின் கதையும் இதுதான் என்பதைப் பின்னர்க் காண்போம்.

அடுத்து வந்தவர் அமெரிக்கரான ஜான் லாண்டிஸ் மேசன். தகர வேலை செய்யும் தொழிலாளி. சாடியின் கழுத்திலேயே திருகு மரை அமைத்து, அதன்மேல் துத்தநாக மூடியைத் திருகும் முறைக்கு 1858 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் காப்புரிமை பெற்றார். தக்கையும் மெழுகும் தேவையற்றுப் போயின. குடியானவர் வீட்டுப் பெண்ணும் தோட்டத்துத் தக்காளியைப் பனிக்காலத்துக்குச் சேமிக்க முடிந்தது. இன்றும் அந்நாட்டு மக்கள் அத்தகைய சாடியை மேசன் சாடி என்றே அழைக்கின்றனர். ஆனால் காப்புரிமைக் காலம் முடிந்தபின் ஆலைகள் இலட்சக்கணக்கில் அதனைச் செய்து பொருளீட்ட, மேசன் 1902 இல் வறுமையில் மறைந்தார். அப்பேரின் முடிவும் வறுமைதான். உணவைக் காக்க வழி கண்டவர்களை உலகம் காக்கத் தவறிவிட்டது.

ஜெர்மனியில் யோகான் வெக் 1900 ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம், கண்ணாடி மூடியும் இரப்பர் வளையமும் கொண்ட சாடிகளைப் பரப்பியது. வீட்டில் உணவைப் புட்டியில் அடைத்து வைப்பதற்கு அவர் பெயரிலிருந்தே ஜெர்மன் மொழியில் ஒரு வினைச்சொல் பிறந்துவிட்டது. ஒரு சாடி மொழிக்கே ஒரு சொல்லைத் தந்தது என்றால், அது மக்கள் வாழ்வில் எவ்வளவு ஊன்றியிருக்க வேண்டும்!

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. சுதேசி இயக்கக் காலத்தில், மக்களிடம் ஆளுக்கு ஒரு பைசா வீதம் திரட்டிய நிதியைக் கொண்டு மராட்டியத்துத் தளேகாவில் 1908 ஆம் ஆண்டு ஒரு கண்ணாடித் தொழிற்சாலை நிறுவினார்கள். பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை என்பது அதன் பெயர். அயல்நாட்டுச் சரக்குக்கு எதிராக ஏழை மக்கள் செம்புக் காசு போட்டு எழுப்பிய தொழில்களில் ஒன்று கண்ணாடித் தொழில் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கண்ணாடி ஏன்?

கண்ணாடி மணலின் குழந்தை. நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மணலும், அதனுடன் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசு வெப்பத்தில் உருக்கினால் சாதாரணப் புட்டிக் கண்ணாடி கிடைக்கிறது. இது உணவிலுள்ள புளிப்போடு உறவாடுவதில்லை. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பு ஏறும். அலுமினியத்தில் வைத்தால் உலோகம் அரிக்கும். எலுமிச்சைச் சாற்றை ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் கண்ணாடி அசையாது. நம் ஆய்வுக்கூடத்தில் அமிலங்களைக் கண்ணாடிப் புட்டிகளில் வைத்திருப்பது இதனால்தான். ஹைட்ரோபுளோரிக் அமிலம் ஒன்றே அதற்குப் பகை. அதை எவரும் ஊறுகாய் போடப்போவதில்லை.

நம் முன்னோர் பயன்படுத்திய பீங்கான் ஜாடியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. அதன் வழவழப்பான மேற்பூச்சு கண்ணாடி இனத்தைச் சேர்ந்ததே. வெயிலை உள்ளே விடாதது பீங்கானின் சிறப்பு. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். வெளிச்சம் பட்டுப்பட்டு எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே கண்ணாடிச் சாடியை சன்னலோரம் அழகுக்கு வைக்காமல் அலமாரிக்குள் வைக்க வேண்டும். உள்ளே பூசணம் பூத்திருக்கிறதா என்பதைத் திறக்காமலே பார்த்துவிடலாம் என்பது கண்ணாடியின் சிறப்பு.

பிளாஸ்டிக் டப்பாவின் நிலை என்ன? ஒரு மாதம் ஊறுகாய் வைத்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும் போவதில்லை, வாடையும் போவதில்லை. ஊறுகாய் டப்பாவுக்குள் போகிறது என்பதற்கு இது கண்கூடான சான்று. அப்படியானால் டப்பாவும் சிறிது சிறிதாக ஊறுகாய்க்குள் வருகிறதா என்று கேட்பது நியாயமான கேள்வியே. எண்ணெயும் புளிப்பும் சேர்ந்த பண்டத்தில் பிளாஸ்டிக்கின் சில சேர்மங்கள் இடம்பெயரக்கூடும் என்பதால்தான், உணவுக்கென்று தனித் தரம் வகுத்து அளவும் விதித்திருக்கிறார்கள். அந்தத் தரத்தில் செய்த டப்பா ஒன்று. பெயிண்டு வந்த வாளியையும், தெருவில் எடைக்கு விற்கும் டப்பாவையும் ஊறுகாய்க்கு எடுத்துக்கொள்வது வேறொன்று. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. மேலும் கண்ணாடியைக் கொதிநீரில் போட்டுத் தூய்மை செய்யலாம். சாதாரண டப்பாவை அப்படிச் செய்தால் நெளிந்துபோகும். அதன் உள்ளே விழும் கீறல்கள் அழுக்குக்கும் கிருமிக்கும் புகலிடம் ஆகிவிடும்.

பாட்டியின் விதியும் பாடநூலின் விதியும்

ஊறுகாய் போடுவதற்குப் பாட்டிமார் விதித்த கட்டளைகள் பல. காயைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். கல் உப்பைத் தாராளமாகப் போட வேண்டும். நாள்தோறும் குலுக்கிவிட வேண்டும். ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி வெயிலில் வைக்க வேண்டும். மேலே நல்லெண்ணெய் மிதக்க வேண்டும். ஈரக் கரண்டி படவே கூடாது.

இவை ஒவ்வொன்றுக்கும் நம் பாடநூலில் விளக்கம் இருக்கிறது. உப்பு, சவ்வூடு பரவலால் காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. உப்பின் அளவு நூற்றுக்குப் பதினைந்து பங்கை எட்டும்போது உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை தழைக்க முடிவதில்லை. குலுக்குவதால் உப்பு எங்கும் ஒரே சீராகப் பரவுகிறது. எண்ணெய்ப் படலம் காற்றைத் தடுப்பதால், காற்றை நாடும் பூசணம் வளர இடமில்லை. ஈரக் கரண்டி பட்ட இடத்தில் உப்பும் புளிப்பும் நீர்த்துப்போகின்றன; அந்தச் சிறு இடமே பூசணத்துக்கு வாசலாகிவிடுகிறது. அப்பேருக்குப் பாஸ்டரைத் தெரியாதது போல, பாட்டிக்கும் பாஸ்டரைத் தெரியாது. ஆயினும் இருவர் கையும் சரியாகத்தான் வேலை செய்தன.

ஆனால் அந்தக் கட்டளைகளோடு ஒரு பொய்யும் சேர்ந்து வந்துவிட்டது. மாதவிலக்கு நாள்களில் பெண்கள் ஊறுகாய்ச் சாடியைத் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்பதே அது. இன்றும் படித்தவர் வீடுகளில்கூட இதனைக் கேட்கிறேன். பூசணத்துக்கு நாள்காட்டி தெரியாது. கையிலுள்ள ஈரமும் அழுக்கும்தான் அதற்குத் தெரியும். அது ஆணின் கையா, பெண்ணின் கையா, எந்த நாளில் தொட்ட கை என்று அது பார்ப்பதில்லை. ஈரக் கரண்டி விதியைக் காப்பாற்றுவோம். இந்த விதியைத் தூக்கி எறிவோம். மரபு சொன்னதெல்லாம் மடமை என்பதும் தவறு. மரபு சொன்னதெல்லாம் அறிவியல் என்பதும் தவறு. எது எது என்று பிரித்துக் காட்டுவது படித்தவர் கடமை அன்றோ?

ஓர் எச்சரிக்கை

சாடியைப் புகழ்ந்து பேசும்போது அதன் ஆபத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. காற்றில்லாத இடத்தைப் பூசணம் வெறுக்கிறது. ஆனால் அதே இடத்தை விரும்பும் ஓர் உயிரி உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்பது அதன் பெயர். மண்ணில் வாழும் இதன் வித்துகள் நீர் கொதிக்கும் வெப்பத்திலும் சாவதில்லை. புளிப்புக் குறைந்த உணவை இறுக மூடி வெளியே வைத்தால் அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சைச் சுரக்கின்றன. பார்வையிலும் வாசனையிலும் ஏதும் தெரியாமலே இருக்கக்கூடும் என்பதுதான் இதில் பேராபத்து.

உணவின் பி.எச். மதிப்பு 4.6 க்குக் கீழே இருந்தால் இந்த வித்துகள் முளைப்பதில்லை. எலுமிச்சையும் மாங்காயும் நார்த்தங்காயும் இயற்கையாகவே அந்த எல்லைக்குள் நிற்பவை. உப்பும் துணைக்கு வருகிறது. பூண்டு அப்படியன்று. 1985 ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் இட்டுப் புட்டியில் அடைத்த பூண்டை உண்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இந்த நஞ்சால் நோயுற்றனர். ஆகவே பூண்டு, காளான், மீன், இறால், இறைச்சி ஆகியவற்றை வெறும் எண்ணெயில் போட்டு மாதக்கணக்கில் வெளியே வைக்கலாகாது. எலுமிச்சைச் சாறோ, புளியோ, காடியோ தாராளமாகச் சேர்த்துப் புளிப்பை ஏற்ற வேண்டும். இல்லையேல் குளிர்பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிட வேண்டும்.

சமைத்த குழம்பைச் சூடாகச் சாடியில் ஊற்றி மூடிவிட்டால் ஆறு மாதம் இருக்கும் என்று கைப்பேசித் திரையில் சிலர் காட்டுகிறார்கள். அதனை நம்பி யாரும் செய்துவிட வேண்டாம். புளிப்பற்ற உணவை அப்படி அடைக்க, அழுத்தத்தில் 116 பாகைக்குமேல் சூடாக்க வேண்டும். சாடியின் நடுப்பகுதி அந்த வெப்பத்தை எட்டும் நேரத்தை ஒவ்வோர் உணவுக்கும் அளந்து வைத்திருக்க வேண்டும். வீட்டுக் குக்கரில் நான்கு சத்தம் வைத்து முடிக்கும் வேலையன்று அது.

எதிர்வாதங்கள்

கண்ணாடிக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அது உடையும், குழந்தைகள் உள்ள வீட்டில் அது சிறு குறை அன்று. அது கனமானது, ஆகவே ஏற்றிச் செல்லச் செலவு கூடும். அதனை உருக்க எரிபொருள் மிகுதியாக வேண்டும். ஒருமுறை பயன்படுத்திக் குப்பையில் எறியும் கண்ணாடிப் புட்டி, சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை பிளாஸ்டிக்கை விட மேலானது என்று அடித்துச் சொல்ல முடியாது. இதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கண்ணாடியை ஒருமுறை பயன்படுத்தி எறியச் சொன்னவர் யார்? ஹார்லிக்ஸ் கண்ணாடிப் புட்டியில் வந்த காலத்தில் அந்தப் புட்டியைக் குப்பையில் போட்ட வீடு ஒன்று உண்டா? துவரம் பருப்பும், காப்பித்தூளும், வடுமாங்காயும் அதில்தான் வாழ்ந்தன. கோலி சோடாப் புட்டி கடைக்கும் ஆலைக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் நடந்தது! கண்ணாடியின் சிறப்பே மீண்டும் மீண்டும் பயன்படுவதில்தான் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கைவிட்டது நாம். பழியைச் சுமப்பது கண்ணாடி.

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அம்மா எங்கள் ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்தவர். கோடையில் குழுவினர் மாங்காயும் எலுமிச்சையும் வாங்கி ஊறுகாய் போட்டுக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து விற்பார்கள். எங்கள் வீட்டுக்கு அதில் வரும் பங்குதான் என் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும். சென்ற ஆண்டு அருகிலுள்ள நகரத்துக் கடை ஒன்று, "இனிமேல் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறோம், கண்ணாடி வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. புட்டிக்கு ஆகும் செலவையும் வழியில் உடைவதையும் கணக்கிட்டால் குழுவுக்கு மிஞ்சுவது குறைவு. டப்பாவுக்கு மாறினால் கை நிறையும். ஆயினும் அம்மா, "நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காததை ஊரார் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?" என்று கேட்டார். குழுவில் இருவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கத்தாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் என்னைப்போல் படிக்கும் பிள்ளைகள் உண்டு.

நல்லதைச் செய்பவர் நட்டப்பட வேண்டும், மற்றதைச் செய்பவர் இலாபமடைய வேண்டும் என்று ஏற்பாடு அமைந்துவிட்டால், குற்றம் அந்த ஏற்பாட்டில் இருக்கிறதே தவிர அந்தப் பெண்களிடம் இல்லை. ஆகவே ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, காலிப் புட்டிக்குக் காசு. 2022 ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்தில், காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கும் மதுப்புட்டிகளைத் தடுக்க, உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில் அரசு மதுக்கடைகள் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்றுக் காலிப்புட்டியைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறையைக் கொண்டுவந்தன. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது பரவியது. மதுவுக்குச் செய்ய முடிந்ததை மாங்காய் ஊறுகாய்க்குச் செய்ய முடியாதா? மகளிர் குழுக்களின் பொருள்களுக்கேனும் ஒரே அளவுள்ள புட்டியும், அதனைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் இருந்தால், புட்டிச் செலவு பல முறைக்குப் பகிர்ந்துவிடும்.

இரண்டாவது, நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் கதவு ஊருக்குத் திறக்க வேண்டும். பி.எச். தாள் ஒன்றின் விலை மிகக் குறைவு. நம் துறைப் பேராசிரியர்கள் இசைந்தால், சுற்றுவட்டார மகளிர் குழுக்கள் கொண்டுவரும் ஊறுகாயின் புளிப்பை அளந்து சொல்லும் பணியை மாணவர்களே செய்யலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006 இல் வந்தது. அதன்படி பதிவு செய்யவும், புட்டியின்மேல் சீட்டு ஒட்டவும் வேண்டிய செய்திகளை அந்தப் பெண்களுக்கு எளிய தமிழில் எழுதிக் கொடுக்கலாம். மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்றவை கண்டறிந்தவற்றை ஊர் வரை கொண்டுசேர்க்க இடையில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலமாக அரசுக் கல்லூரியைவிடப் பொருத்தமானது வேறு எது?

மூன்றாவது, நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுவதோடு இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். புட்டியைத் தூய்மை செய்வது கடினமன்று. பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, புட்டியை வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, மெல்லச் சூடேற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தால் போதும். சூடான புட்டியைக் குளிர்ந்த கல்மேடையில் வைத்தால் விரிசல் விடும். கண்ணாடி வெப்பத்தை ஒரே சீராகக் கடத்தாததால், ஒரு பக்கம் சுருங்க மறுபக்கம் விரிந்தே நிற்பதுதான் காரணம். உப்பு பட்டு இரும்பு மூடி துருப்பிடிக்கும் என்பதால் மூடியை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். இவ்வளவுதான் பாடம். அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம்.

நான்காவது, நம் விடுதிகளும் உணவகங்களும். நூற்றுக்கணக்கான மாணவர் உண்ணும் இடத்தில் ஊறுகாயைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்துப் பரிமாறுவதற்குப் பதிலாகப் பீங்கான் ஜாடியிலோ கண்ணாடிச் சாடியிலோ வைப்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. மாணவர் மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும்.

மாணவ நண்பர்களே, நாம் பட்டம் பெற்று வெளியேறும்போது கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். அந்தச் சான்றிதழின் பயன், அலுவலகத்தில் ஒரு நாற்காலியைப் பெறுவதோடு முடிந்துவிடக் கூடாது. சவ்வூடு பரவலைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள், அதே சவ்வூடு பரவலை நாள்தோறும் கையால் செய்துகொண்டிருக்கும் பெண்களுக்கு எந்த வகையிலும் உதவவில்லை என்றால், படித்தது ஏட்டோடு நின்றுவிட்டது என்றுதான் பொருள். வருகின்ற சித்திரையில் மாங்காய் சந்தைக்கு வந்துவிடும். அதற்குள் பி.எச். தாள்களையும், கொதிக்க வைத்துக் காயவைத்த புட்டிகளையும் ஆயத்தமாக வைப்போம். முதல் குழு எந்த ஊரிலிருந்து வருகிறதோ, அந்த ஊர் மாணவர் ஒருவர் அவர்களை அழைத்துக்கொண்டு நம் ஆய்வுக்கூடத்துக்கு வரட்டும்.